ஆருத்ரா பூச்சியும் அதன் பங்காளியும்

ஆருத்ரா என்றால் உங்களில் பலருக்கு மார்கழிக் குளிரும் சிதம்பரமும் திருவாதிரைக் களியும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்க ஊர்க்காரங்களுக்கு ஆருத்ரா என்றால் ஜூன் மாசம். சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கிற இரண்டு வாரத்தைத் தெலுங்கில் ஆருத்ர கார்த்தெ என்பார்கள். ஜூன் 22 வாக்கில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை போகும். மல்லாட்டை விதைக்கிற பருவம். (களி எங்களுக்கும் உண்டு. அது கேவுரு களி, வருஷம் பூரா.)

ஊர் சாந்திபுரம். குப்பத்துக்குப் பக்கத்தில், சித்தூர் மாவட்டத்தின் கோடியில் இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் மூன்றும் கலந்து ஓடும். அதனால் எங்க பக்கத்தில் எந்தப் பொருளுக்கும் இரண்டு பெயராவது இருக்கும். நான் இன்றைக்கு எழுத வந்த சின்ன ஜீவனுக்கும் அப்படித்தான். தெலுங்கில் ஆருத்ர புருகு. எங்க வீட்டில் பட்டுப்பூச்சி. பழைய தமிழ் அகராதிகளில் பார்த்தால் இந்திரகோபம், தம்பலப்பூச்சி. தம்பலம் என்றால் வெற்றிலை போட்டுத் துப்பிய சிவப்பு. பெயர் வைத்தவர் ஒரு வெற்றிலைப் பிரியராக இருக்க வேண்டும் :-)

இன்னும் பின்னால் போனால் சங்க இலக்கியத்தில் இதற்கு 'மூதாய்' என்று பெயர். அகநானூற்றில் மழை பெய்த செம்மண் வழியில் இது ஊர்ந்து போகிற காட்சி வருகிறது. அங்கே மூதாய் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'ஈயல்' என்ற சொல்லும் நிற்கிறது. ஈயலை ஈசல் என்று எடுத்துக்கொண்டால் ரொம்பப் பொருத்தம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பார்த்திராதவர்களுக்கு: கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், நிலம் இன்னும் ஈரமாக இருக்கும்போது, வரப்பு ஓரத்தில் ரத்தச் சிவப்பில் குண்டு குண்டாக நடமாடும். நம்ம ஊர் ஜாதி ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வளரும். உடம்பு முழுக்க வெல்வெட் மாதிரி முடி. தொட்டால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு பொத்தான் மாதிரி உட்கார்ந்துவிடும். கடிக்காது, கொட்டாது. தீப்பெட்டியில் புல் போட்டு அடைத்து வைத்து, பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சிக்குப் பண்டமாற்று செய்த பரம்பரை நாங்கள். பெரியவர்களுக்கு அது வேறு கணக்கு. 'ஆருத்ர புருகு வந்துடுச்சு, ஈரம் நல்லா எறங்கிக்கீது, வெதை எடு' என்பார் எங்க நைனா. எங்க வீட்டுக்கு வானிலை அறிக்கை அதுதான்.

கொசுவத்தி போதும். விஷயத்துக்கு வருவோம்.

பூச்சி பூச்சி என்கிறோமே தவிர இது பூச்சியே இல்லை. காலை எண்ணிப் பாருங்க, எட்டு இருக்கும். சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் இருக்கிற எட்டுக்கால் வம்சத்தில், சிற்றுண்ணி வகையைச் சேர்ந்தது. சிற்றுண்ணிகளில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது. அந்தக் கூட்டத்தில் இது ஒரு ராட்சசன். இவ்வளவு சாதுவாகத் தெரிகிற இது முழு நேர வேட்டைக்காரன் என்பது அடுத்த ஆச்சரியம். கரையான், ஈசல், மற்ற பூச்சிகளின் முட்டை எல்லாம் இதற்குச் சாப்பாடு. வாயிலுள்ள கொக்கியால் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும், அதே காலையில் இதுவும் மேலே வரும். ஈயலையும் மூதாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தப் புலவர் வயலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, மீதி நாளெல்லாம் எங்கே போகிறது? மண்ணுக்குள். இந்தச் சின்ன எட்டுக்கால் வேட்டைக்காரர்களுக்கெல்லாம் ஈரம்தான் உயிர். மழைக்காடு என்றால் கவலை இல்லை, தரையில் கிடக்கிற இலைச்சருகு மெத்தைக்குள் வருஷம் முழுக்க ஈரம் இருக்கும். நம்ம பக்கத்து இலங்கையில், கண்டிக்கு அருகே பேராதனைத் தோட்டத்தின் தலைவராக இருந்த துவெயிட்ஸ் அனுப்பி வைத்த சில ஜந்துக்களைப் பார்த்து, இங்கிலாந்தில் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற பாதிரியார் 1872-ல் ஒரு புது வகையையே உலகத்துக்குச் சொன்னார். தேளுக்குத் தூரத்து உறவு, சில மில்லிமீட்டர் நீளம், கண்ணே கிடையாது. முன்னங்காலை நீட்டித் தடவித் தடவியே சருகுக்குள் இரை பிடிக்கும். அதற்கெல்லாம் சருகை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. எங்க சாந்திபுரம் மாதிரி காய்ந்த பூமியில் அந்த வசதி ஏது? மழைக்காட்டுக்காரன் வருஷம் பூரா அனுபவிக்கிற ஈரத்தை எங்க ஆருத்ர புருகு சில நாளில் அனுபவித்து முடிக்க வேண்டும். சாப்பாடு, கல்யாணம் எல்லாம் அதற்குள்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வந்தது. ஆண், பெண்ணைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்வதில்லை. தரையிலும் குச்சியிலும் தன் விந்துப் பொட்டலங்களைச் சின்னச் சின்னதாக நட்டு ஒரு தோட்டம் மாதிரி வைத்துவிட்டு, அங்கே வருவதற்கு மெல்லிய நூலால் வழியும் போட்டு வைக்கும். பெண்ணுக்குப் பிடித்தால் வந்து ஏற்றுக்கொள்ளும். இன்னொரு ஆண் அந்தப் பக்கம் வந்தால் தோட்டத்தை மிதித்து நாசம் பண்ணிவிட்டுத் தன்னுடையதை நட்டுவிடும். (எங்க ஊர் நிலத்தகராறு எதுவும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

இப்போது நான் இருப்பது அரிசோனாவில். கள்ளியும் மணலும் கல்லும். இங்கேயும் கோடையில் ஒரு மழைக்காலம் உண்டு, அதை உள்ளூர்க்காரர்களும் 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. சில வருஷம் முன்னால் ஜூலையில் டூசான் பக்கம் ஒரு மழைக்கு மறுநாள் காலை நடக்கப் போனபோது, பொண்ணு 'அப்பா, இங்க பாருங்க, ரெட் வெல்வெட்' என்று கத்தினாள். அவளுக்குத் தெரிந்த ரெட் வெல்வெட் கேக் மட்டும்தான். குனிந்து பார்த்தால் அதே சிவப்பு, அதே முடி, அதே நடை. பன்னிரண்டரை மணி நேரம் தள்ளி இருக்கிற ஒரு பாலைவனத்தில், ஏறக்குறைய எங்க ஆருத்ர கார்த்தெ சமயத்தில்.

இது நம்ம ஊர் இனம் இல்லை, அதே குடும்பத்தில் வேறு கிளை. இதன் சொந்தம் ஒன்றை 1960-களின் தொடக்கத்தில் டெவிஸ், நியூவெல் என்ற இருவர் கலிஃபோர்னியா பாலைவனத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு வெயில் அடிக்கிற காலை, ஈசல் பறக்கிற அதே நேரம், வெளியே வருகிறது. சில மணி நேரம் வேட்டை. பிறகு மண்ணைத் தோண்டி உள்ளே போனால் மறுபடியும் மாதக் கணக்கில் காத்திருப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு ஊருக்குப் போய், மூன்று வாரத்தில் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை, பல் டாக்டர் எல்லாவற்றையும் முடித்துத் திரும்புகிற நமக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் பாசம் வரத்தான் செய்யும்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது சும்மா ஒரு ஊர் ஞாபகப் பதிவு. எழுதத் தூண்டியது வேறு.

2023 நவம்பரில் ஒரு நாள் ராத்திரி அக்கா போன் பண்ணினாள். 'நைனாவுக்கு ஆறு நாளா ஒடம்பு சுட்டுக்கினே கீதுடா. ஊசி போட்டாச்சு, மாத்திரை குடுத்தாச்சு, எறங்கவே மாட்டேங்குது.' டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. நைனாவுக்கு எழுபத்தொன்று வயசு. மாட்டுக்குப் புல் அறுக்க வரப்பு வரப்பாகப் போகிற மனுஷன், பேச்சுக் குழற ஆரம்பித்துவிட்டது. இங்கிருந்து டிக்கெட் பார்க்கிறேன், அங்கே அக்கா வண்டி வைத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். இந்த இரண்டு திரைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, வந்ததும் வராததுமாக நைனாவின் சட்டை வேட்டியை எல்லாம் விலக்கி அங்குலம் அங்குலமாகத் தேடியிருக்கிறார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, மடிப்பில், சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, நைனாவுக்கே தெரியாது. 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்றார். டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் களி கேட்டாராம்.

நம்ம பத்திரிகைகள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. நாய் மேல், மாட்டு மேல் இருக்கிற உண்ணி இல்லை இது. இதைக் கொண்டு வருவது ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. அளவு 0.2 மில்லிமீட்டர், அதாவது ஐந்தை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர். நம்ம ஆருத்ர புருகுக்கு நெருங்கிய பங்காளி. புல்லிலும் புதரிலும் சருகிலும் காத்திருக்கும். எலி வந்தால் எலி, நைனா வந்தால் நைனா. தோல் மெல்லிசாக, துணி இறுக்கமாக இருக்கிற இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அது குடிப்பது ரத்தம் கூட இல்லை, தோலைக் கரைத்து வருகிற நீர். இரண்டு மூன்று நாளில் வயிறு நிரம்பியதும் விழுந்துவிடும். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் மற்ற உயிர் மேல் ஒட்டும். அதற்குப் பிறகு வளர்ந்து, எட்டுக்காலாகி, மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று காலத்தை ஓட்டும். அந்த ஒரே கடியில் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமி உள்ளே போய்விட்டால்தான் நமக்கு ஆபத்து. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் பரம்பரைச் சொத்தாக வரும்.

பெயரில் இருக்கிற ஜப்பானைப் பார்த்து ஏதோ அந்நிய நோய் என்று நினைத்துவிடாதீங்க. இரண்டாம் உலகப்போரில் அசாம்-பர்மா காடுகளில் சிப்பாய்களைப் படுத்திய காய்ச்சல் இது. 1948-ல் கோலாலம்பூரில் குளோரம்ஃபெனிகால் மருந்துக்கு இது கட்டுப்படும் என்று கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு வேலூர், சித்தூர், திருப்பதி பக்க மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமான காய்ச்சல். முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஏழு மருத்துவமனைகள், 794 நோயாளிகள். நைனா விழுந்த அதே வருஷம்.

இனிமேல்தான் கூத்து. அடுத்த ஜூனில் ஆருத்ரா மழை பெய்தது. எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் சிவப்புப் பூச்சி படம் போட்டு ஒரு தகவல்: 'இந்தப் பூச்சி கடித்தால் உயிருக்கு ஆபத்து, கண்டவுடன் கொல்லவும், அனைவருக்கும் பகிரவும்.' பொடிப்பசங்க செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகப் போய் அடித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினார்களாம். அக்கா சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது.

கண்ணில் படுகிற பங்காளி குற்றவாளி ஆகிவிட்டான், கண்ணில் படாதவன் தப்பித்துவிட்டான். இத்தனைக்கும் ஆருத்ர புருகின் குஞ்சும் ஒட்டுண்ணிதான், ஆனால் அது ஒட்டுவது பூச்சிகள் மேல். இந்தக் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலத்தைப் பார்த்தாலே புரியும். சிவப்புப் பூச்சி நடமாடுவது ஜூன், ஜூலை. எங்க பக்கம் காய்ச்சல் அதிகம் வருவது மழை ஓய்ந்து பனி விழுகிற மாசங்களில். செருப்பால் அடித்ததில் செத்தது வயலில் கரையானும் பூச்சி முட்டையும் தின்கிற கூலியில்லா ஆள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. 'சிவப்பா எதுவும் கடிக்கலையே, அப்ப அந்தக் காய்ச்சலா இருக்காது' என்று ஒரு வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டால்?

குழுவில் விளக்கி எழுதினேன், தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. பாதிப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள், பாதிப் பேர் குட்மார்னிங் படம் போட்டார்கள். நைனாதான் காரியக்காரர். தெருவில் திண்ணையில் உட்கார்ந்து, பசங்களைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு ஆருத்ர புருகை ஊர விட்டுக் காட்டினாராம். 'டேய், எனக்குக் காய்ச்சல் வந்ததுடா, நான் சொல்றேன், இது இல்லடா.' அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

இன்னொரு பக்கம் இதற்கு வேறு தொல்லையும் உண்டு. சத்தீஸ்கர் பக்கம் ராணி கீடா என்று சொல்லி, மழைக்காலத்தில் பொறுக்கி வியாபாரிகளிடம் விற்கிறார்கள். எண்ணெய் எடுத்துப் பக்கவாதத்துக்கும் 'அந்த' விஷயத்துக்கும் மருந்து என்று விற்பனை. வருஷத்தில் சில நாள் மட்டும் கல்யாணத்துக்கு வெளியே வருகிற ஜீவனை அந்த நாளிலேயே பொறுக்கினால் அடுத்த வருஷம் என்ன மிஞ்சும்? இணையத்தில் அந்த எண்ணெய்ப் புட்டி கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்க.

ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்க. மழைக்காலம் முடிந்து தை, மாசி வரைக்கும், நான்கைந்து நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், டாக்டரிடம் 'ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமா?' என்று கேட்கச் சொல்லுங்க. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டில் யாராவது பார்க்கட்டும். நம்ம அப்பா அம்மா வெட்கப்பட்டுக் காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் போனில் அதட்ட வேண்டும். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, அதனால் இல்லை என்றாலும் கேட்கச் சொல்லுங்க. வழக்கமாகக் கொடுக்கிற அமாக்சிசிலின் மாதிரி மாத்திரைகள் இதைத் தொடாது. சரியான மருந்து விலை குறைவுதான், டாக்டர் சொன்னால் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தடுப்பூசி கிடையாது. புல்லில் வேலை செய்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் குளிப்பது, துணியைத் துவைத்து வெயிலில் போடுவது, வெறும் தரையிலும் புல்லிலும் படுக்காமல் இருப்பது, வீட்டைச் சுற்றிப் புதரையும் எலியையும் குறைப்பது, இவ்வளவுதான் தற்காப்பு.

லீவில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஜூன் கடைசியில் போகிறவர்கள் மழைக்கு மறுநாள் காலையில் வரப்புக்குக் கூட்டிப் போங்க. சிவப்பு வெல்வெட் கிடைத்தால் தாராளமாகக் கையில் ஏற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்க, பாவம், அதற்கு அன்றைக்கு வேலை நிறைய இருக்கும்.

எனக்கும்தான். ஆணி கூப்பிடுது, வரட்டுமா?